மதுரையில ஒரு ராத்திரி தங்குங்க

ஜனவரி 19, திங்கள்

மதுரையைச் சுற்றிக் காட்டச் சொல்லி என்னிடம் வந்தது கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம். வேன் வந்து நின்றபோது மணி பன்னிரண்டே முக்கால். மீனாட்சி கோயில் நடை பன்னிரண்டரைக்கே சாத்தியாச்சு, இனி சாயங்காலம் நாலு மணிக்குத்தான். அவர்களுக்கோ ராத்திரிக்கு ராமேஸ்வரத்தில் அறை போட்டிருந்தது. தெற்குக் கோபுரத்தை வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நாயக்கர் மகாலின் தூண்களைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். "இன்னொருக்கா நிதானமா வர்றோமுங்க" என்றார் பெரியவர். முகம் வாடித்தான் போனார்.

பயணத் திட்டம் போடுகிறவர்கள் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். ராமேஸ்வரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்துகிற ஊராக மதுரையை ஆக்கிவிடுகிறார்கள். இந்த ஊர் பொழுது சாய்ந்த பிறகுதான் முழுசாக முழிக்கும்.

ஜனவரி 21, புதன்

பெங்களூரிலிருந்து ஓர் இளம் தம்பதி. "கோயிலுக்குக் காலையில போகலாமாண்ணே?" என்று கேட்டார்கள். ராத்திரி பள்ளியறை பூஜைக்கே கூட்டிப்போனேன்.

2018-க்குப் பிறகு கோயிலுக்குள் செல்போன் கிடையாது, வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அதில் எனக்கு சந்தோஷம்தான். எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் சொக்கநாதர் சன்னதியிலிருந்து பல்லக்கு கிளம்பியது. சாமியின் திருவடி அதில் எழுந்தருளி அம்மன் சன்னதிக்குப் போகும். முன்னால் நாதஸ்வரமும் மேளமும். சாம்பிராணிப் புகை பல்லக்கை மூட, கூட்டம் அப்படியே கூட நகர்ந்தது. ராஜா வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி தினமும் நடக்கிற காரியம் இது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது தெரியாம காலையிலயே வந்துட்டுப் போயிருப்போம்" என்றாள்.

அப்புறம் நடந்தோம். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக ஊர் விரிகிறது. எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு கோபுரம் தெரிந்துவிடும், வழி தப்பாது. மேல மாசி வீதியில் அந்த வீட்டின் முன் நின்றோம். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையைத் துறந்து அரை வேட்டிக்கு மாறியது அங்கேதான். அவர் உடையை மாற்றிய ஊர் என்பதில் எங்களுக்குப் பெருமை ஜாஸ்தி.

ஜனவரி 22, வியாழன்

அதே தம்பதி. ராத்திரி பதினொன்றரைக்கு இட்லிக் கடை. தட்டிலிருந்த ஈரத்துணியைக் கவிழ்த்து, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து உரித்தார் மாஸ்டர். இட்லி முகம் சிதையாமல் இலையில் விழுந்தது. தேங்காய், தக்காளி, மல்லி, கார சட்னி என்று சுற்றி நாலு நிறம். கணவருக்குக் கறிதோசை. அடியில் தோசை, மேலே முட்டை, அதற்கு மேல் கொத்துக்கறி. திருப்பிப் போட்டதும் ஓரமெல்லாம் எண்ணெய் பொரிந்தது. பக்கத்து மேசையில் லோடுமேன்கள், எதிரே சினிமா விட்டு வந்த குடும்பம், கைக்குழந்தையோடு ஒரு தாய்.

பகலுக்கு நாளங்காடி, ராவுக்கு அல்லங்காடி என்று இந்த ஊரின் இரண்டு கடைத்தெருக்களையும் மதுரைக்காஞ்சி பாடியிருக்கிறது. சங்க காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை. ராத்திரியில் பெண்களும் குழந்தைகளும் சர்வசாதாரணமாகத் தெருவில் இருப்பதுதான் வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய அதிசயம். போகிறபோது எல்லோரும் சொல்வதும் அதைத்தான்.

ஜனவரி 24, சனி

மலேசியாவிலிருந்து ஓர் அத்தையும் மருமகளும். விடிய முன்னே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். தை மாதம், பனிக்கு மல்லி வரத்து குறைவு, விலை கிலோ ஆயிரங்களில் நிற்கிறது. அத்தை அசரவில்லை. மொக்கு ஒன்றை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். காம்பு தடித்து, இதழ் இறுகி இருந்தது. காலையில் வாங்கினால் சாயங்காலம்தான் மலரும். 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது இந்தக் குணத்துக்கும் வாசத்துக்கும்தான். "நம்ம பாட்டி சொன்ன பூ இதுதான்டி" என்று மருமகள் தலையில் ஒரு முழம் வைத்துவிட்டார்.

மதியம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நட்ட தூண் அது என்றேன். அத்தைக்கு ஜிகர்தண்டாவில்தான் கவனம்.

ஜனவரி 27, செவ்வாய்

தைப்பூசத் தெப்பத்துக்கு வரலாமா என்று சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக வாருங்கள். வண்டியூர்த் தெப்பக்குளத்தில் மைய மண்டபத்தைச் சுற்றி மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் வருவதைப் பகலிலும் பாருங்கள், விளக்கேற்றிய பின் ராத்திரியிலும் பாருங்கள். அன்றைக்கே திரும்ப டிக்கெட் எடுக்காதீர்கள். மாசி வீதிப் பக்கம் அறை எடுத்தால் கோயிலுக்கும் அதைச் சுற்றியுள்ள வீதிகளுக்கும் நடந்தே போகலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் கூட வருகிறேன்.