மூன்றாம் நம்பர் மூச்சு

ஜூலை 5, 2025, சனி

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது என் டொயோட்டா லெவின் கார் இன்று இரண்டு தரம் வெட்டியது. மூன்றாம் கியர், நிமிஷத்துக்கு 3,000 சுற்று, அக்சிலரேட்டர் மிதியில் கால்வாசி அழுத்தம். யாரோ பின் பம்பரைப் பிடித்து இழுத்துவிட்டுக் கையை எடுத்த மாதிரி. பாலம் இறங்கிக் காலை எடுத்தால் வேறொரு கூத்து. கிளச்சை மிதித்ததும் சுற்று பொத்தென்று விழ வேண்டும். இது 2,000இல் போய்க் குந்திக்கொண்டு, யோசித்து யோசித்து இறங்குகிறது. எங்கள் ஊர்க் கராஜ் பாஷையில் சொன்னால், ‘ரேஸ் இறங்குதில்லை.’

புதிதாக வாசிப்பவர்களுக்கு: கார் 1997ஆம் ஆண்டு ஏஈ111 மொடல். எஞ்சின் 4ஏ-ஜிஈ, இருபது வால்வு, மூடி கறுப்பு நிறம் என்பதால் ‘பிளாக்டொப்’. 1,587 சிசியில் 165 குதிரைவலு, அதுவும் 7,800 சுற்றில்தான் முழுதாக வரும். நான் இதை வாங்கியது அந்தக் கணக்குக்காக அல்ல. நான்கு சிலிண்டருக்கும் நான்கு தனித் த்ரொட்டில், அதாவது காற்று போகும் வாய்; அதைத் திறந்து மூடும் பட்டர்பிளைத் தகடு வால்வுக்குப் பக்கத்திலேயே இருக்கும். காலை அசைத்தால் எஞ்சின் அசையும், நடுவில் காத்திருப்பு இல்லை. அந்தச் சுகம் தெரிந்தவனுக்கு இந்தச் சோம்பல் இறக்கம் பல்லில் கல் கடிபட்ட மாதிரி.

வித்துவிட்டு வேறொன்று வாங்கலாமே என்று மனைவி கேட்டாள். 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை இந்த வருடம் பெப்ரவரியில்தான் திறந்தார்கள். விலையைப் பார்த்தீரா என்று கேட்டேன். அதோடு கதை முடிந்தது.

ஜூலை 6, ஞாயிறு

முதலில் காரிடமே கேட்டேன். பொனட்டுக்குள் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஈ1, ஈ1 என்ற இரண்டு துளைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்துச் சாவியைப் போட்டால், டாஷில் எஞ்சின் விளக்கு மினுங்கி இலக்கம் சொல்லும். நான்கு தரம் மினுங்கி, ஒரு இடைவெளி, பிறகு ஒரு தரம் என்றால் 41: த்ரொட்டில் பொசிஷன் சென்சர். மூன்றும் ஒன்றும் என்றால் 31: காற்றமுக்கம் அளக்கும் மேப் சென்சர். என்னுடையது கலியாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி ஒரே சீராக மினுங்கிக்கொண்டிருந்தது. பழுது ஒன்றும் பதிவாகவில்லை என்று அர்த்தம்.

அதை நம்பி நிம்மதி அடையக் கூடாது. வயர் அறுந்தால், ஷோர்ட் ஆனால்தான் அந்தக் காலத்து ஈசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்) இலக்கத்தைப் பதியும். சென்சரின் உள்தடம் ஓரிடத்தில் தேய்ந்து, கண் இமைக்கிற நேரம் வோல்ட் விழுந்தெழும்பினால் அதற்கு விளங்காது. எனக்கு மட்டும் பாலத்தில் விளங்கும்.

மத்தியானம் எயார் பொக்ஸைக் கழற்றி நான்கு த்ரொட்டில் வாயையும் கழுவினேன். ஒயில் புகை படிந்து, தகட்டின் ஓரம் முழுக்கப் பழைய தேயிலைக் கோப்பையின் அடி மாதிரி. துணியில் கிளீனரைத் தெளித்துத் துடைத்தேன். நேராக உள்ளே பீச்சியடிக்கவில்லை. பளபளவென்று வந்தது. ஸ்டார்ட் பண்ணினால் ஐட்லிங் (மிதியில் கால் வைக்காதபோது ஓடும் சுற்று) 1,600! அழுக்கோடு 1,200இல் நின்றது.

அழுக்கு எடுத்ததும் நோய் கூடுகிறது என்றால், இதுவரை அழுக்குத்தான் ஓட்டையை அடைத்துக்கொண்டு காரைக் காப்பாற்றியிருக்கிறது. எங்கேயோ ஒரு தகடு முழுதாக மூடவில்லை, அல்லது எங்கோ காற்று களவாகப் போகிறது. இன்றைக்கு இவ்வளவுதான் விளங்கியது. கை முழுக்கக் கறுப்பு.

ஜூலை 8, செவ்வாய்

வேலை முடிந்து காத்தான்குடிக்குப் போய், கராஜ் வைத்திருக்கும் காக்காவிடம் (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) காட்டினேன். ஒரு தரம் ரேஸ் பண்ணினார், தலையை ஆட்டினார். “சென்சர் தம்பி. வேற ஒண்டுமில்ல.”

“மீட்டர் வச்சுப் பாக்கலியே காக்கா?”

“எனக்கு மீட்டர் காது.”

அவருடைய காதைப் பரிகசிக்க எனக்குத் தகுதியில்லை, முப்பது வருடக் காது. ஆனால் அளக்காமல் சாமான் வாங்கக் கூடாது என்று எனக்கு நானே போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியிலேயே அதை மீறிக் கொழும்பில் ஒரு கடைக்குப் போன் பண்ணி த்ரொட்டில் பொசிஷன் சென்சருக்குச் சொல்லிவிட்டேன். இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார்களாம்.

ஜூலை 9, புதன்

ரேடியோ திருத்துகிற அண்ணர் ஒருவரிடம் பழைய ஊசி மீட்டரை இரவல் வாங்கி வந்தேன். டிஜிட்டல் மீட்டர் என்னிடமே இருக்கிறது, ஆனால் இந்த வேலைக்கு அது மந்தம். இலக்கம் மாறுவதற்குள் வெட்டு வந்து போய்விடும். ஊசி என்றால் துடிப்பது கண்ணுக்குத் தெரியும்.

சென்சருக்கு மூன்று வயர்: ஐந்து வோல்ட் வருவது ஒன்று, பூமி ஒன்று, த்ரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்லும் சிக்னல் ஒன்று. கனெக்டரின் பின்பக்கமாக இரண்டு குண்டூசியைச் செருகி, சாவியை மட்டும் போட்டு (எஞ்சின் ஓடவில்லை), லீவரைக் கையால் மெதுவாகத் திறந்தேன். மூடிய நிலையில் 0.7 வோல்ட். பிறகு 0.9, 1.1... 1.3 பக்கம் ஊசி ஒரு தரம் பொக்கென்று கீழே விழுந்து எழும்பியது. திரும்ப மூடித் திறந்தேன். அதே இடம், அதே விழுகை. நகரத்துக்குள் ஓடும்போது நாள் முழுக்க என் கால் நிற்கிற இடம் அதுதான், தடம் தேயாமல் என்ன செய்யும்.

ஆக, காக்காவின் காது சரி. ஆனால் பாதிதான் சரி. மிதியில் வரும் வெட்டுக்கு இது காரணமாகலாம். சுற்று இறங்காததற்கு இது காரணமில்லை, ஏனென்றால் மூடிய நிலையில் சிக்னல் சுத்தமாக 0.7இல் வந்து நிற்கிறது. இரண்டு நோய் ஒரே நேரத்தில் வந்து ஒன்றாகத் தெரிகிறது.

இன்னொரு சின்ன விஷயம். லீவரைக் கையால் முழுக்க இழுத்தால் 4.1 வோல்ட். உள்ளே இருந்து காலால் முழுக்க மிதித்தால் 3.4. கேபிள் கொஞ்சம் தொய்ந்திருக்கும் போல. பிறகு பார்க்கலாம்.

ஜூலை 10, வியாழன், போயா (பௌர்ணமி)

விடுமுறை. காலையிலேயே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. முற்றத்தில் நிற்க முடியாத வெக்கை. மாமரத்தடிக்குக் காரைத் தள்ளிக்கொண்டு போனேன்.

எயார் பொக்ஸ் இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு முழ நீள ஹோஸின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை ஒவ்வொரு வாயாகப் பிடித்துப் பார்த்தேன். நான்கு கார்புரேட்டர் காலத்து வித்தை இது. முதலாவது: ஸ்ஸ் என்று மெல்லிசாக. இரண்டாவது: அதே. மூன்றாவது: பிரஷர் குக்கர்! நான்காவது: முதலாவதைப் போல.

மாமா சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இளமையில் வாவியில் தோணி விட்டவர்.

“என்ன தம்பி, மீன் பாட்டா கேக்கிறீங்க?”

எங்கள் வாவியின் பாடும் மீனைக் கேட்பதற்குத் தோணிக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். நிலாக் காலத்தில், காற்று அடங்கிய பிறகு, பாலத்துப் பக்கம் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதோடு சேர்த்து வைப்பது. ஹோஸை அவரிடம் கொடுத்தேன். நான்கு வாயிலும் நிதானமாக வைத்துக் கேட்டார். “மூண்டாவது ஆள் கத்துறான்” என்றார். இரண்டு காது ஒத்துப்போனால் போதும்.

காது சொல்வது எங்கே என்பதை. எவ்வளவு என்பதற்கு அளவு வேண்டும். மீன்தொட்டிக் கடையில் ஐந்து மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாயும் காற்றைக் குறைக்கிற இரண்டு குட்டி வால்வும் வாங்கினேன். குழாயைப் பலகையில் ‘யு’ வடிவில் ஆணியடித்து, அடியில் சிவப்பு கியர் ஒயில். இரண்டு நுனியையும் இரண்டு த்ரொட்டிலின் வெக்யூம் மூக்கில் மாட்டினால், எந்தத் தகடு அதிகம் மூடியிருக்கிறதோ அந்தப் பக்கம் உறிஞ்சல் கூட, ஒயில் அந்தப் பக்கம் ஏறும். இரண்டும் சமமென்றால் மட்டமும் சமம்.

ஒன்றையும் இரண்டையும் பார்த்தேன், விரலளவு வித்தியாசம். இரண்டையும் மூன்றையும் மாட்டி ஸ்டார்ட் பண்ணியதுதான் தாமதம், பலகையில் இருந்த ஒயில் முழுக்க விர்ரென்று ஏறி இரண்டாம் சிலிண்டருக்குள் போய்விட்டது. குட்டி வால்வை இறுக்க மறந்துவிட்டேன். நீலப் புகை. கச்சான் காற்று அதை அப்படியே மதிலுக்கு மேலால் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சாரத்தில் விட்டது. பின்னேரம் ஒரு பக்கெட் மாம்பழத்தோடு போய் மன்னிப்புக் கேட்டாயிற்று.

ஆனால் அந்த அவசரத்தில் ஒரு நன்மை. மூன்றாம் நம்பரின் சின்ன ஹோஸைப் பிடுங்கும்போது அடிப்பக்கத்தில் நகத்தளவு வெடிப்பு கண்ணில் பட்டது. நேராகப் பிடித்தால் தெரியாது. மூக்கில் மாட்டி வளைந்தால்தான் வாய் திறக்கும். நான்கு த்ரொட்டிலில் இருந்தும் இந்தச் சின்ன ஹோஸ்கள் ஒரு குட்டி அறைக்குப் போய், அங்கிருந்து மேப் சென்சருக்குப் போகின்றன. இந்த எஞ்சினுக்கு முந்தைய வகையான சில்வர்டொப்பில் காற்றை அளப்பது எயார் ஃப்ளோ மீட்டர். அதில் களவுக் காற்று போனால் அளவில் வராமல் எஞ்சின் வறண்டு தடுமாறும். இதில் அமுக்கத்தைப் பார்த்துத்தான் பெற்றோல் போகிறது. களவுக் காற்று வந்தாலும் எஞ்சின் அதற்கும் சேர்த்துப் பெற்றோல் கொடுத்து, சுற்றைக் கூட்டிக்கொண்டு சந்தோஷமாக ஓடும்.

நான்கு ஹோஸையும் மாற்றினேன். 1,600 இருந்தது 1,350 ஆனது. இன்னும் மூன்றாமவர் கத்துகிறார்.

ஜூலை 12, சனி

சென்சர் வந்தது. பெட்டி அழகு. பூட்டினால் மூடிய நிலையிலேயே 1.2 வோல்ட், ஸ்குறூ துளையின் கடைசி வரைக்கும் திருப்பியும் 1.0க்குக் கீழே வரவில்லை. டொயோட்டா இந்த வகைச் சென்சருக்குச் சொல்வது மூடிய நிலையில் 0.3 முதல் 0.8 வரை. கடைக்குப் போன் பண்ணினேன். கரண்ட் சாமான் திருப்பி எடுப்பதில்லையாம். சட்டம் மீறியதற்குத் தண்டப்பணம்.

காக்கா தகரப் பேணிக்குள் கையை விட்டுக் கிளறி, அக்காலத்துக் கொரோலா ஒன்றின் சென்சரை எடுத்துத் தந்தார். ஊசி மீட்டரில் 0.6இல் தொடங்கித் துடிப்பே இல்லாமல் ஏறியது. காசு வாங்கவில்லை. மூன்றாம் நம்பர் கதையைச் சொன்னேன். “அப்ப என்ட காது பாதிதான்” என்று சிரித்தார்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று உண்மை வெளியே வந்தது, அது எனக்கு அவ்வளவு வசதியான உண்மை அல்ல.

இரண்டாம், மூன்றாம் தகடுகளை இணைக்கும் இடத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதன் தலையில் கீறல், பெயின்ட் அடையாளம் உடைந்திருக்கிறது. கீறலைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. 2022, பெற்றோல் வரிசைக் காலம். மாதக்கணக்காக ஓடாமல் கிடந்த காரை ஒருநாள் ஸ்டார்ட் பண்ணினேன். நின்று நின்று போனது. ஐட்லிங்கைக் கூட்டுவதற்காக, இது என்ன திருகு என்று தெரியாமலேயே, ஒரு சுற்றுத் திருப்பியவன் நான்தான். மூன்றாம் தகடு அன்றிலிருந்து மூடவே இல்லை. மேலதிகக் காற்றை ஈடுகட்ட ஐட்லிங் வால்வு தன்னால் முடிந்த மட்டும் மூடிக்கொண்டது, மிச்சத்தை அழுக்கு அடைத்தது. மூன்று வருடம் இப்படிச் சமாளித்திருக்கிறார்கள் பாவம்.

எஞ்சினைச் சூடாக்கி, ஃபேன் ஒரு தரம் ஓடி நின்ற பிறகு, ஒயில் பலகையை மாட்டி (வால்வை இறுக்கி!) திருகைக் கால் சுற்றாகத் திருப்பினேன். சிவப்புக் கோடு மெல்ல மெல்லச் சமமாகிறது. ஒவ்வொரு திருப்புக்கும் பிறகு ஒரு தரம் ரேஸ் பண்ணிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு முழுதாக அமராமல் பொய் சொல்லும். பிறகு மூன்றும் நான்கும். பிறகு மறுபடி ஒன்றும் இரண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கொஞ்சம் ஓடும். இரண்டு மணித்தியாலம். கடைசியில் நான்குக்கும் அரை விரலுக்குள்.

ஐட்லிங் 600க்கு விழுந்து நின்றுபோனது. பயப்படவில்லை. பேட்டரி வயரைக் கழற்றி ஈசியூ பழையதை மறக்கும்வரை தேத்தண்ணி குடித்தேன். மறுபடி ஸ்டார்ட், பத்து நிமிஷத்தில் 850.

அப்புறம் அந்த 3.4 வோல்ட். மகளை உள்ளே இருத்தி, “முழுக்க மிதி” என்றேன். மிதித்தாள். பொனட்டுக்குள் லீவர் இன்னும் போக இடமிருக்கிறது. “முழுக்கடி!” “இதுதான் அப்பா முழுக்க!” குனிந்து பார்த்தேன். நான் ஆசையாக வாங்கிப் போட்ட தடித்த ரப்பர் பாய், மிதிக்கு அடியில் மடிந்து கிடக்கிறது. பாயை எடுத்தால் 3.9. கேபிளின் தொய்வை இரண்டு நட்டால் எடுத்தேன், 4.1. இத்தனை நாளும் 165 குதிரையில் சிலதைப் பாய்க்கு அடியில் கட்டி வைத்துவிட்டு, பவர் குறைவென்று பிளக் மாற்றியிருக்கிறேன், 95 ஒக்டேன் பெற்றோல் தேடி அலைந்திருக்கிறேன். மகள் இதை வீடு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

வேலைத்தளத்தில் ஒருவர் தன் புதிய காருக்கும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அதற்குக் கேபிளே கிடையாது. மிதியில் சென்சர், த்ரொட்டிலில் மோட்டார், இரண்டிலும் இரட்டைச் சிக்னல். த்ரொட்டிலின் இரண்டும் முரண்பட்டால் பி2135, மிதியின் இரண்டும் முரண்பட்டால் பி2138 என்று காட்டிவிட்டுக் காரை ஆமை வேகத்துக்கு இறக்கிவிடும். சாவி போட்டிருக்கும்போது தகட்டைக் கையால் தள்ள வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அந்த மோட்டார் விரலைக் கடிக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

விடிய ஐந்து மணிக்கு ஏறாவூர் தாண்டி வாழைச்சேனை வரைக்கும் ஒரு ஓட்டம். மூன்றாம் கியர், 3,000, கால்வாசி மிதி: வெட்டு இல்லை. வெறும் றோட்டில் ஒரு தரம், ஒரே ஒரு தரம், முழுக்க மிதித்தேன். 6,000க்கு மேல் இந்தக் கார் இப்படிச் சத்தம் போடும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

திரும்பும்போது ஊறணிக்குப் பக்கத்தில் மாமாங்கக் கோயில் திருவிழாச் சனம். ஆட்டோ, சைக்கிள், கச்சான் கடை, தலையில் அர்ச்சனைத் தட்டோடு அம்மாமார். முக்கால் மணித்தியாலம் ஊர்ந்தேன். ஃபேன் ஓடும்போது ஊசி 800க்கு இறங்கி, தானே 850க்கு வந்தது. காலை எடுத்தால் பொத்தென்று விழுகிறது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் காக்கா. யாரோ நான்கு கார்புரேட்டர் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்களாம், ஒயில் பலகை இரவல் வேண்டுமாம். கொடுத்தேன், வால்வை இறுக்கச் சொல்லி. போகிறவர் திரும்பி, “அந்தக் காதுல வைக்கிற ஹோசையும் தாங்க தம்பி” என்றார். அதை மாமா எங்கேயோ எடுத்து வைத்திருக்கிறார், தேடவேண்டும்.