கழுத்தில் மாலை விழுந்தது ஜூலையில், செக் புத்தகம் வந்தது ஆகஸ்ட் கடைசியில்

லயன்ஸ் சங்கங்களுக்கு உலகம் முழுக்க ஜூலை 1-இல் ஆண்டு பிறக்கிறது. பேங்குக்கும் வருமான வரிக்கும் ஏப்ரலில். இந்த இரண்டு காலண்டருக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற ஆள்தான் பொருளாளர். கடலூரில் எங்கள் சங்கத்தில் போன வருஷம் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பதவியேற்பு மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. உறுதிமொழி, சட்டையில் பின், சால்வைகள், பிரியாணி. மேடையிலேயே தையல் மெஷின் கொடுத்து போட்டோ எடுத்தோம். (அந்த போட்டோக்களில் வாங்குகிறவர் முகம் தெரியாது, கொடுக்கிற கைகள்தான் தெரியும். எனக்குப் பிடிக்காத பழக்கம்.) மறுநாள் காலை பழைய பொருளாளர் ஒரு கட்டைப் பையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். மினிட் புக், ரசீதுக் கட்டு, இரண்டு பாஸ்புக்.

"தம்பி, ஒண்ணு நிர்வாகக் கணக்கு, ஒண்ணு சேவைக் கணக்கு. சேவையிலேருந்து ஒத்த ரூபா நிர்வாகத்துக்குப் போகக் கூடாது."

உறுப்பினர் சந்தாவில் கூட்டம் நடத்தலாம், சாப்பாடு போடலாம். பொதுமக்களிடம் வசூலித்த பணம் மக்களுக்கே போக வேண்டும், அதுதான் லயன்ஸ் விதி. நல்ல விதி. ஆனால் கணக்கு இரண்டு என்றால், செக்கில் கையெழுத்துப் போடும் ஆட்களை பேங்கில் மாற்றும் வேலையும் இரண்டு.

பேங்கில் தீர்மான நகலை நீட்டினேன். புதியவர்களை நியமிப்பதாக இருக்கிறது, பழையவர்களை நீக்குவதாக ஒரு வரி இல்லையே என்று திருப்பிவிட்டார்கள். திருத்திக் கொண்டுபோனால் பழைய தலைவரும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவரோ மகளின் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்தார். அடுத்து, பதிவு பெற்ற சங்கமாயிற்றே, பதிவாளரிடம் நிர்வாகிகள் மாற்றம் தெரிவித்த நகல் எங்கே என்றார்கள். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அதற்குப் படிவம் 7 இருக்கிறது. அதைப் போட்டு, முத்திரை வாங்கி, மறுபடி வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. விதிகளுக்குத்தான் பொறுமை இல்லை.

இதற்கிடையில் கண் முகாம் வந்துவிட்டது. தேதியை முந்தைய நிர்வாகமே வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தது, தள்ளிப்போட வழியில்லை. தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து டாக்டர்களும் கருவிகளும் வந்துவிடும். இடம், நோட்டீஸ், ஆட்டோவில் மைக், சாப்பாடு எல்லாம் நம் பாடு. செக் போட முடியாததால் உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கைக்காசு போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் வவுச்சர் எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கினேன். தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கமெல்லாம் ஆட்டோ போனது.

முகாம் அன்று காலை ஏழு மணிக்கே பள்ளி வராந்தா நிறைந்துவிட்டது. பார்வை சோதனை, பிறகு டார்ச் அடித்துப் பார்ப்பது, ரத்த அழுத்தம், சர்க்கரை. புரை முற்றியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய், ஆபரேஷன் செய்து, லென்ஸ் வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். நோயாளிக்கு ஒரு பைசா செலவில்லை. இருந்தும் பஸ் படியில் கால் வைத்த ஒரு ஆயா இறங்கிவிட்டது. "ஆட்ட யாரு பாத்துக்குவா?" எங்கள் சங்கத்தில் சொத்துப் பொறுப்புக்கு 'லயன் டேமர்' என்று ஒரு பதவி உண்டு, கொடி, மணி, சுத்தியல் எல்லாம் அவர் காவல். அவர்தான் முன்வந்து, "ஆயா, அவுத்துக் கட்டி தழ போட நான் ஆச்சு" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை, சாயந்திரம் நிஜமாகவே போனார். ஆயா கண்ணில் பச்சைக் கண்ணாடியோடு வந்து இறங்கியதும் முதலில் விசாரித்தது ஆட்டைத்தான்.

செக் புத்தகம் கைக்கு வந்ததும் சேவைக் கணக்கிலிருந்து நான் எழுதிய முதல் செக்குகள் அந்தக் கைக்காசைத் திருப்பத்தான். பாதிப்பேர் வாங்க மறுத்தார்கள். நன்கொடை ரசீதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று துரத்தித் துரத்திக் கொடுத்தேன், இல்லாவிட்டால் ஆடிட்டர் என்னைத் துரத்துவார்.

எங்கள் விதிப்படி ஏப்ரல் 15-க்குள் தேர்தல் முடிந்துவிட வேண்டும். இந்த முறை அந்தக் கூட்டத்திலேயே, பழையவர்களை நீக்கும் வரியோடு தீர்மானம் எழுதி, வெளியூர் போகிறவர்களிடம் முன்கூட்டியே பேங்க் படிவத்தில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அடுத்த பொருளாளரிடம் பான், ஆதார் நகல் கேட்டதற்கு, "என்னண்ணே, ஜூலைக்கு இன்னும் எவ்வளவோ நாள் கெடக்கே" என்றார்.

பின்வரிசையிலிருந்து பழைய தலைவர் குரல் கொடுத்தார்: "கேட்டதக் குடுத்துடுப்பா."