மடு எங்கே போனது?

மார்ச் 10, 2024, ஞாயிறு

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன. பெரியப்பாவை அழைத்துக்கொண்டு மாகடி பக்கம் ஓர் ஓடைக்குப் போனேன். அர்க்காவதி ஆற்றில் போய்ச் சேரும் ஓடை அது. போன வருஷம் தூர்வாருகிறோம் என்று ஒரு ஒப்பந்தக்காரர் ஜேசிபியை இறக்கிப் புதரை வழித்து, பாறைகளைப் புரட்டி, கரையைச் சீவி வாய்க்கால் மாதிரி நேராக்கிவிட்டார். பெரியப்பா கால் சுடச்சுட நடுவில் நின்று கேட்டார்: "மடு எங்க கண்ணு?"

ஓட்டம் நின்ற பிறகும் ஆழத்தில் தண்ணீர் தேங்கும் இடம் மடு. கோடையில் மீனுக்கு வேறு போக்கிடம் இல்லை. அடுத்த மழைக்கு ஆறு முழுக்கப் பரவ வேண்டிய மீன், அங்கேதான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அதைத்தான் மண்ணைத் தள்ளி மட்டம் செய்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 14, சித்திரை 1

மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பெரியப்பா கிருஷ்ணகிரியில் தென்பெண்ணைக் கரையில் வளர்ந்தவர். தென்பெண்ணையும் அர்க்காவதியும் பிறப்பது ஒரே நந்தி மலையில்தான் என்றதும், "அப்ப இது நம்ம பங்காளி ஆறு" என்றார்.

ஊர்க்காரர்கள் பத்துப் பேர் வந்தார்கள். ஒரு பள்ளம் தோண்டினோம். வெளியே கிடந்த பாறைகளை உருட்டி வந்து ஓடைக்குள் தாறுமாறாகப் போட்டோம். வரிசையாக அடுக்கப் போன பையனைப் பெரியப்பா தடுத்தார். தண்ணீர் கல்லில் மோதிச் சலசலத்தால்தான் காற்று கலக்கும். அயிரைக்கு அந்த ஓட்டமும் அடியில் மணலும் வேண்டும். ஆராலுக்குக் கல்லிடுக்கு. விரால் மேலே வந்து காற்றையே குடிக்கும், அதற்கு அசையாத தண்ணீரும் கரையோரப் புல்லும் போதும். எல்லா இடமும் ஒரே ஆழம் என்றால் இத்தனை பேர் எங்கே குடியிருப்பது?

ஜூன் 9

புதுவெள்ளம். நாங்கள் தோண்டிய பள்ளம் மணலால் மூடிப்போயிற்று, ஒரு மாத உழைப்பு. ஆனால் விழுந்து கிடந்த புங்க மரத்தைத் தாண்டித் தண்ணீர் குதித்த இடத்தில், ஓடை தானே இடுப்பளவு பறித்து வைத்திருக்கிறது! அந்த மரத்தை விறகுக்கு வெட்டக் கேட்டார்கள். வேண்டாம் என்று கெஞ்சி நிறுத்தினேன். கரையில் நீர்மருதும் நொச்சியும் நட்டோம்.

ஜூலை 21

மீன்குஞ்சு வாங்கி விடலாம் என்று ஒருவர் நல்ல மனசோடு சொன்னார். விலை குறைவு என்று அவர் காட்டியது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இந்தியாவில் 2000-லேயே அதை வளர்க்கத் தடை வந்தாயிற்று. குஞ்சு, முட்டை, தவளை, எதையும் மிச்சம் வைக்காது. விடவே கூடாது என்று சண்டை போட்டேன். கீழே சங்கமத்தில் அர்க்காவதி காவிரியில் கலக்கிறது. திமில் மகசீர் காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் மீன். 2018-இல் அது அழிவின் விளிம்புப் பட்டியலில் ஏறியது. இங்கே விடுவது அங்கே வரை போகும்.

செப்டம்பர் 15

புங்க மர மடுவில் செம்மஞ்சளாய் ஒரு கொத்து நீரின் மேல் வந்து வந்து அமிழ்ந்தது. விரால் குஞ்சுகள். அடியில் தாயும் தகப்பனும் காவல். "இப்பப் பெருசைப் பிடிச்சா குஞ்செல்லாம் போச்சு" என்றார் பெரியப்பா. ஆசையாகக் கொண்டுவந்த தூண்டிலைக் காரிலேயே வைத்துவிட்டு, இருட்டும் வரை கரையில் உட்கார்ந்திருந்தார்.