ஜி-க்கும் பி-க்கும் நடுவே ஒரு கோணல்: ஆறு வார கிடார் பயிற்சிக் குறிப்பு

வாரம் 1. ஸ்கேல் (சுர வரிசை) படங்களை ஒட்டுமொத்தமாக மனப்பாடம் செய்யும் திட்டத்தைக் கைவிட்டாயிற்று. முதலில் பிடிபட வேண்டியது ஒரே ஒரு கோணல். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு நடுவே 5 அரைச்சுரம் (ஒரு ஃப்ரெட், அதாவது கழுத்தில் ஒரு கட்டம், ஓர் அரைச்சுரம்). ஜி-க்கும் (மூன்றாவது கம்பி) பி-க்கும் (இரண்டாவது) நடுவே மட்டும் 4. அதனால் எந்த வடிவமும் அந்த இடத்தைத் தாண்டும்போது ஒரு ஃப்ரெட் தள்ளிப்போகும். ஈ மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) 0-2-2-1-0-0: தடித்த ஆறாவது கம்பியிலிருந்து ஃப்ரெட் எண்கள், 0 என்றால் அழுத்தாத கம்பி. அதை அப்படியே ஒரு கம்பி நகர்த்தினால் அந்த 1, பி கம்பியில் 2 ஆகிவிடும். ஏ மேஜர் வந்துவிட்டது! இது புரியாமல் ஸ்கேலின் ஐந்து வடிவங்களை உருப்போடுவது வீண் வேலை.

வாரம் 2. மேல்ஸ்தாயி மூன்று கம்பிகளில் மூன்று சுரக் கார்டு மட்டும். எண்கள் 3, 2, 1-ஆம் கம்பி வரிசையில்: சி 5-5-3, எஃப் 5-6-5, ஜி 4-3-3. கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிறகு சி மட்டும் மூன்று இடத்தில்: 5-5-3, 9-8-8, 12-13-12. இவற்றில் 'சி' முறையே 3, 1, 2-ஆம் கம்பியில் இருக்கிறது. வாயால் சொல்லிக்கொண்டே பிடித்தால்தான் மனதில் நிற்கும். 5-5-ஐ ஒரே விரலால் படுக்கவைத்து அழுத்தினால் அது முதல் கம்பியில் பட்டு ஒலி செத்துவிடும். மோதிர விரல், சுண்டு விரல் என்று இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும்.

வாரம் 3, 4. சி மேஜர், அதாவது நம் சங்கராபரணம், கம்பிக்கு மூன்று சுரம். ஆறாவது கம்பியிலிருந்து: 8-10-12, 8-10-12, 9-10-12, 9-10-12, 10-12-13, 10-12-13. எட்டாவது ஃப்ரெட்டில் தொடங்கக் காரணம், அங்கே கட்டங்கள் குறுகல். ஜி மேஜரை 3-5-7-இல் தொடங்கினால் மணிக்கட்டு வலிக்கும், அது பிறகு.

மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டு, தட்டுக்கு மூன்று சுரம். இதில் ஒரு ஏமாற்று உண்டு: கம்பி மாறும் இடமும் தட்டும் எப்போதும் ஒன்றாகவே விழும். கேட்கச் சுத்தமாக இருக்கும், கை பழகியிருக்காது. மருந்து நம் பாட்டு வகுப்பிலேயே இருக்கிறது: ஸரிகம, ரிகமப, கமபத என்று நான்கு நான்காக வாசிப்பது. 80-இல் ஓடிய கை உடனே 52-க்கு இறங்கியது. பிக் (கம்பியை மீட்டும் சில்லு) கீழ், மேல் என்று மாறி மாறிப் போக வேண்டும். கம்பி மாறும்போது இரண்டு முறை கீழே இழுப்பதுதான் வழக்கமான தப்பு.

வாரம் 5. மோகனம், ஸ = சி. ஐந்தாவது ஃப்ரெட்டில் 5-8, 5-7, 5-7, 5-7, 5-8, 5-8. கிடார் புத்தகங்களில் இதே கட்டம் ஏ மைனர் பென்டடானிக் (ஐந்து சுர ஸ்கேல்). ஃபோனில் தம்புராவை சி-யில் ஓடவிட்டு, ஆறாவது கம்பி 8, மூன்றாவது கம்பி 5, முதல் கம்பி 8 ஆகியவற்றில் மட்டும் வந்து நின்றால் ராகம் தெரிகிறது. ஏ-யில் நின்றால் ப்ளூஸ் வாடை.

வாரம் 6. பெங்களூரு மார்ச் வெயிலில் மரம் காய்ந்து, ஃப்ரெட் ஓரங்கள் விரலில் குத்தத் தொடங்கும். கழுத்து பின்னால் வளைவதால் முதல் சில ஃப்ரெட்டுகளில் கரகரப்பும் வரும். விரலைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் ஈரப்பத டப்பா போதும்; ட்ரஸ் ராடைத் (கழுத்துக்குள் இருக்கும், வளைவைச் சரிசெய்யும் தண்டு) தொட்டாலும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பிடிஎம் லேஅவுட் பிஜி (பேயிங் கெஸ்ட்) அறையில் இரவுப் பயிற்சி என்றால், பிரிட்ஜ் (கிடார் உடலில் கம்பிகள் தாங்கும் பாகம்) ஓரம் கம்பிக்கு அடியில் மடித்த கைக்குட்டை.

இப்போதைய நிலை: நான்கு நான்காக 68. மூன்றாவது கம்பியிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது இன்னும் தடுக்குகிறது.