நான் கீறிய கிளைப் பாதை

1963ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்பு, இரண்டாம் தவணைப் பரீட்சை. இலங்கைப் படம் கீறிப் புகையிரதப் பாதைகளைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். தினமும் கொடிகாமத்தில் இருந்து கோச்சியில் வந்து போகிறவன் என்ற மிதப்பு எனக்கு. காங்கேசன்துறையில் இருந்து பொல்காவலை வரைக்கும் பென்சிலை ஓட்டினேன். மன்னார்க் கிளைக்கு வந்தபோது யோசிக்கவே இல்லை. நாவற்குழியில் பிரித்து, பரவைக் கடலுக்கு மேலால் பூநகரிக்குக் கொண்டுபோய், மேற்குக் கரையோரமாகத் தலைமன்னாரில் விட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பூமிசாத்திர ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வெட்டி, மூன்று புள்ளி குறைத்து, முழு வகுப்புக்கும் தூக்கிக் காட்டினார். "இவர் கடலுக்கு மேலால் கோச்சி விட்டிருக்கிறார். அரசாங்கத்திடம் அதற்குக் காசில்லையாம்." பாம்பனில் கடலுக்கு மேலால்தானே விட்டார்கள் என்று கேட்டிருக்கலாம். அந்தக் காலத்தில் யார் கேட்டோம்?

இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதும்படி பழைய மாணவர் சங்கத்துத் தம்பிமார் கேட்டபோது, அந்த மூன்று புள்ளிதான் முதலில் நினைவுக்கு வந்தது. கழித்தது நியாயமா என்று அறுபது வருடமாக மனத்துக்குள் ஒரு வழக்கு நடக்கிறது.

அன்று மாலை என்னைக் கூப்பிட்டு அவர் சொன்ன வரலாறு இது. வடபகுதிப் பாதை ஒரே மூச்சில் வந்ததல்ல. தெற்கே பொல்காவலையில் பிரிந்து 1894இல் குருநாகலை எட்டியது. அங்கேயே பல வருடம் நின்றது. யாழ்ப்பாணத்தவர்கள் கொழும்புக்குப் போவதென்றால் கப்பல் ஏற வேண்டும், அல்லது மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வன்னிக் காட்டையும் மலேரியாவையும் கடக்க வேண்டும். பிறகு ரிட்ஜ்வே ஆளுநராக இருந்த காலத்தில், மற்ற நுனியில் இருந்து வேலை தொடங்கியது. 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதல் வண்டி ஓடிற்று. கொழும்போடு எந்தத் தொடுப்பும் இல்லாமல், யாழ்ப்பாணத்தவர்கள் தங்களுக்குள்ளேயே போய்வர ஒரு கோச்சி! 1904இல் தெற்குத் துண்டு அநுராதபுரத்துக்கு வந்தது. 1905 ஆகஸ்ட் முதலாம் திகதி இரண்டு துண்டும் இணைந்தன.

"இணைந்த நாளில் இருந்து நாங்கள் கொழும்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டோம்" என்றார் ஆசிரியர். அது எவ்வளவு உண்மை என்பது பின்னால்தான் புரிந்தது. புகையிலைச் சிப்பமும் வெங்காயமும் மாம்பழமும் போயின. உப்பும் சீமெந்தும் போயின. எல்லாவற்றையும்விட அதிகமாக, சீனியர் பாஸ் பண்ணிய பிள்ளைகள் போனார்கள். கிளறிக்கல் உத்தியோகம் அங்கே, காணியும் கல்வீடும் இங்கே, இரண்டுக்கும் நடுவில் இரவு மெயிலும் மணியோடரும்.

சரி, கிளைகளுக்கு வருவோம். எனக்கு அன்றும் இன்றும் உறுத்துவது இதுதான்: பெயர் வடபகுதிப் பாதை, ஆனால் ஒரு கிளைகூட வடக்கில் பிரியவில்லை. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் போகிற பாதை மாகோவில் பிரிகிறது. கல்ஓயாச் சந்தியில் மறுபடி இரண்டாகிறது. அவை 1920களின் பிற்பகுதியில் வந்தவை. தலைமன்னார்க் கிளை மதவாச்சியில். எல்லாமே வவுனியாவுக்குத் தெற்கே. யாழ்ப்பாணத்தான் திருகோணமலைக்குப் போவதானால் மாகோ வரைக்கும் இறங்கி, திரும்ப வடகிழக்காக ஏற வேண்டும். பாதை போட்டவர்கள் கொழும்புக் கோட்டையில் நின்று படத்தைப் பார்த்திருக்கிறார்கள். நான் கொடிகாமத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

தலைமன்னார்க் கிளை இந்தியாவை நினைத்துப் போடப்பட்டது. 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் தொடங்க, சென்னையில் ஏறியவர் கொழும்பில் இறங்கலாம் என்றாயிற்று. போட் மெயில் என்றால் எங்கள் தாத்தாமாருக்கு ஒரு தனி மரியாதை. பட்டப்படிப்புக்குச் சென்னை போனவர்கள் அந்த வழியால்தான் போனார்கள். நமக்குக் கணிதம் படிப்பித்த மலையாள ஆசிரியரும் ஒவ்வொரு டிசம்பரும் அதே வழியால்தான் ஊருக்குப் போவார். 1964 டிசம்பரில் அவர் போய்ச் சேர்ந்து சில நாட்களில் புயல் அடித்தது. தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டியைக் கடல் கொண்டுபோயிற்று; ஊரே அழிந்தது. தவணை தொடங்கி இரண்டு வாரம் கழித்து அவர் விமானத்தில் வந்து சேர்ந்தார். வகுப்புக்குள் வந்து, ஒன்றும் பேசாமல், கரும்பலகையில் ஒரு கேத்திரகணிதக் கணக்கை எழுதினார். எழுதிய கணக்கை அவரே பிழையாகச் செய்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

மதவாச்சி என்றால் என்ன என்று எனக்குச் சரியாக உறைத்தது ஆச்சியோடு திருக்கேதீச்சரத்துக்குச் சிவராத்திரிக்குப் போனபோது. இரவு மெயிலில் ஏறி, நடுச்சாமத்தில் மதவாச்சியில் இறங்கி, மன்னார் வண்டிக்குக் காத்திருந்தோம். மேடை முழுக்கத் தலைக்குக் கையை வைத்துப் படுத்திருக்கும் சனம். ஒரு சிங்கள ஐயா வெறும் தேநீர் விற்றுக்கொண்டு வந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டிவிடுவார், நக்கி நக்கிக் குடிக்க வேண்டும். ஆச்சி விரதக்காரி, குடிக்கவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டா: "மன்னார் எங்களுக்கு மேற்கே கிடக்கிறது. பிறகேன் மோனே தெற்கே வந்து நித்திரை முழிக்கிறோம்?"

என் விடைத்தாளை அவவே திருத்தியிருக்கலாம்.

கொடிகாமம் நிலையத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். ஒற்றைப் பாதை அல்லவா? எதிரெதிரே இரண்டு வண்டி மோதாமல் இருக்க டேப்லட் என்று ஒரு ஏற்பாடு. அடுத்த நிலையத்தோடு கம்பியால் இணைத்த இரும்புப் பெட்டி. அந்த நிலையத்தில் இருந்து சம்மதம் வந்தால்தான் அது ஒரு வட்டத் தகட்டை வெளியே விடும். ஒன்று வெளியே இருக்கும்வரை அடுத்தது வராது. தகட்டைத் தோல் பையில் போட்டு, டென்னிஸ் மட்டையின் சட்டம் போன்ற ஒரு பெரிய வளையத்தில் மாட்டிச் சாரதியிடம் கொடுப்பார்கள். நிற்காத வண்டியானால் ஊழியர் மேடையில் கையை நீட்டி வளையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எஞ்சினில் இருக்கிறவர் கையைக் கொடுத்து ஒரே வீச்சில் கொழுவிக்கொண்டு போவார், பழைய வளையம் மேடையில் வந்து விழும். சைக்கிள் ரிம்மை வைத்து நாங்களும் பழகினோம். என் இடது மணிக்கட்டில் இருக்கும் தழும்பு அந்தப் பயிற்சியின் சான்றிதழ்.

1956இல் ஓடத் தொடங்கிய யாழ் தேவியை இழுத்த எஞ்சின்களில் ஒன்றின் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன்: ஒன்ராறியோ. இன்னொரு நாள் அல்பேர்ட்டா வந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடா கொடுத்த டீசல் எஞ்சின்கள் அவை. மாகாணப் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். யாரோ பெரிய துரைமாரின் பெயர் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நாற்பது வருடமாக அந்தத் துரைக்கு வரி கட்டிக்கொண்டிருக்கிறேன்! (இங்கே கனடாவில் உள்ள தண்டவாளம் நம்முடையதைவிட ஒடுக்கம் என்பதில் எனக்குச் சின்னப் பெருமையும் உண்டு. நம்முடையது ஐந்தரை அடி அகலம்.)

போர்க்காலத்தை நீட்ட விருப்பமில்லை. 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அருகே யாழ் தேவி குண்டில் சிக்கியது. 1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்கு வண்டி நின்றது. வவுனியாதான் கடைசி நிலையமாயிற்று. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் போயின. அண்ணா ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்: "பங்கர் கூரைக்கு நல்ல கட்டை இரண்டு கிடைத்தது. கோச்சிப் பாதைக் கட்டைதான்." நான் பள்ளிக்கூடம் போன பாதை அண்ணா வீட்டுப் பிள்ளைகளின் தலைக்கு மேலே கிடந்தது.

மீட்பு மெல்ல மெல்ல, தெற்கில் இருந்து வடக்கே வந்தது: 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. இந்தியக் கடனுதவியில் இந்திய நிறுவனம் போட்ட பாதை. தலைமன்னாருக்கும் 2015 மார்ச்சில் வண்டி போயிற்று. மன்னாருக்கு இன்னமும் மதவாச்சியில்தான் பிரிய வேண்டும்.

2016இல் நான் போனபோது கோட்டையில் ஏறிக் காங்கேசன்துறை வரைக்கும் ஜன்னலோரம் இருந்தே போனேன். கொடிகாமத்தில் வளையம் பிடிக்க ஒருவரும் நிற்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் திருக்கேதீச்சரம் போக நினைத்தேன். மருமகன் சிரித்தார். "கோச்சியை விடுங்கள் மாமா, பஸ்ஸில் போவோம்." பஸ் நாவற்குழிச் சந்தியில் திரும்பிற்று. கேரதீவில், முன்பு மிதவையில் ஏறிக் கடந்த இடத்தில், 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம். இரண்டு பக்கமும் பரவைக் கடல். பிறகு பூநகரி, பிறகு மேற்குக் கரையோரமாக நேரே மன்னார் பக்கம். வெயில் ஏறுவதற்குள் திருக்கேதீச்சரத்தின் பாலாவித் தீர்த்தக் கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தோம்.

ஆசிரியர் காலமாகிப் பல வருடம். மூன்று புள்ளியை யாரிடம் கேட்பது என்று மருமகனிடம் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.