பம்ப் 'ஆஃப்' ஆனால் ஓட வேண்டும்

இங்கிலாந்தில் ஒரு எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்து வருகிற எண்பது வயதுக்காரர்கள். ஷிப்டில் பாதிப் பேர் என்னைப் போல வெளியூரில் படித்தவர்கள். கேரளம், பிலிப்பைன்ஸ், நாகர்கோவில் பக்கத்திலிருந்து நான். ஓஇடி அல்லது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதித் தேறித்தான் வந்திருக்கிறோம். ஆனாலும் புதிதாக வருகிற யாரைக் கேட்டாலும் ஒன்றையே சொல்வார்கள்: "டாக்டர் பேசுறது புரியுது சேச்சி, பேஷன்ட் பேசுறதுதான் புரியல."

மருத்துவச் சொல் யாரையும் மிரட்டுவதில்லை. ஆஸ்டியோபோரோசிஸ் கோட்டயத்திலும் ஆஸ்டியோபோரோசிஸ்தான். மிரட்டுவதெல்லாம் கெட், புட், கம், கோ, பிரிங் என்று ஒன்றாம் வகுப்பில் படித்த சொற்கள். அப், ஆஃப், ஓவர், ரவுண்ட் என்று ஏதாவது ஒரு வால் ஒட்டிக்கொண்டதும் அவை ஆளே மாறிவிடும். ஃப்ரேசல் வெர்ப் என்பார்களே, அவைதான்.

சலைன் ஏற்றுகிற பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயில் காற்று நுழைந்தாலோ, நோயாளி கையை மடக்கிக்கொண்டாலோ அது கத்தத் தொடங்கும். உடனே யாராவது குரல் கொடுப்பார்கள், "த பம்ப்'ஸ் கோயிங் ஆஃப்!" நம் ஊரில் ஆஃப் ஆயிடுச்சு என்றால் மோட்டார் நின்றுவிட்டது, கரண்ட் போய்விட்டது. அதனால் புதிதாக வந்த பெண் நேரே போய் பிளக்கைப் பார்ப்பாள். இங்கே கோயிங் ஆஃப் என்றால் அலறுகிறது என்று அர்த்தம். அதே நாளில் ஃப்ரிட்ஜில் இருக்கும் பால் 'கான் ஆஃப்' என்றால் கெட்டுப்போய்விட்டது. தட்டைத் தள்ளி வைக்கிற தாத்தா 'ஐ ஹேவ் கான் ஆஃப் மை ஃபுட்' என்றால் அவருக்குச் சாப்பாடே பிடிக்கவில்லை.

வேலை சம்பந்தப்பட்டவை சீக்கிரம் பழகிவிடும். சலைன் பையை மாட்டுவது புட் அப், கழற்றுவது டேக் டவுன், ஊசியில் மருந்து இழுப்பது டிரா அப், டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதுவது ரைட் அப். கையும் வாயும் சேர்ந்தே செய்கிற வேலை என்பதால் இவற்றுக்கு மனப்பாடம் தேவையில்லை.

நோயாளி பேச்சு அப்படியில்லை. விழுந்து வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்படி விழுந்தீர்கள் என்பது. பதில் பெரும்பாலும் மூன்று விதமாக வரும். 'ஐ ட்ரிப்ட் ஓவர் த ரக்' என்றால் விரிப்பு தடுக்கி விழுந்திருக்கிறார். வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று பார்க்கலாம். 'மை நீ கேவ் வே' என்றால் முட்டி மடங்கிக்கொண்டது. மூட்டையும் தசை பலத்தையும் பார்க்க வேண்டும். 'ஐ பாஸ்ட் அவுட்' என்றால் கதையே வேறு. விழுந்து மயங்கவில்லை, மயங்கித்தான் விழுந்திருக்கிறார். ஈசிஜி எடுக்க வேண்டும், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்க்க வேண்டும், சாப்பிடுகிற மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கிளற வேண்டும். இந்த மூன்றையும் 'ஃபால்' என்று ஒரே சொல்லில் எழுதி வைத்தால் உடைந்த எலும்பு சேரும்; விழுந்த காரணம் அப்படியே அவரோடு வீட்டுக்குப் போகும்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. "ஐ கேம் ஓவர் ஆல் ஃபன்னி, லவ்." இங்கே வயதானவர்கள் யாரையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள், அதை விடுங்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பாட்டி "என்னமோ ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா" என்பாளே, அதேதான். தலைசுற்றலா, நெஞ்சுப் படபடப்பா, குமட்டலா என்று அங்கிருந்துதான் தோண்டியெடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளியில் இவற்றைப் படிக்காமல் இல்லை. புட் ஆஃப் என்றால் போஸ்ட்போன், புட் அப் வித் என்றால் டாலரேட், கேள்வித்தாளில் ஒரு மார்க். நாம் தலைகீழாக ஏறி வந்தவர்கள் என்பது இப்போது புரிகிறது. லத்தீன் வழி வந்த பெரிய சொற்கள் நமக்கு முதலில் வந்தன. ஆங்கிலக் குழந்தை அம்மா மடியில் கற்கும் சின்னச் சொற்கள் கடைசியில், அதுவும் பட்டியலாக வந்தன. உடம்பு முடியாதபோது யாரும் லத்தீனுக்குப் போவதில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றுகிற இந்தப் பழக்கம்தான் அந்நியர்களுக்குப் பெருந்தொல்லை என்று எழுதியிருக்கிறார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததோ 1920-களில். பெயர் வைக்கவே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அகரவரிசைப் பட்டியல் எனக்கு உதவியதே இல்லை. கெட் என்ற ஒரு சொல்லுக்குக் கீழே எழுவது, இறங்குவது, சமாளிப்பது, தப்பிப்பது எல்லாம் வரிசை கட்டி நின்றால் எது மனதில் தங்கும்? உதவியது தமிழ் இலக்கண வகுப்பில் தூங்கி வழிந்து கேட்ட துணைவினை. சாப்பிடு என்பது வேறு, சாப்பிட்டுவிடு என்பது வேறு. தூங்கினார் வேறு, தூங்கிப்போனார் வேறு. விடு, போ, கொள், வை என்று நாம் வினைக்குப் பின்னால் ஒட்டுகிறோம். அவர்கள் அப், ஆஃப், டவுன் ஒட்டுகிறார்கள். ஈட் அப் என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. டிராப்ட் ஆஃப் என்றால் தூங்கிப்போனார். முதுகில் போட்ட மயக்க ஊசி வோர் ஆஃப் ஆனால் மரத்துப்போனது விட்டுப்போயிற்று. எல்லாம் இப்படிப் பொருந்தும் என்று சொல்லவில்லை, ஆனால் பயம் போய்விடும். "கண்ணைக் கட்டிக்கிட்டு வருது" என்று ஒரு அம்மா சொல்லும்போது மதுரைக்கு வந்த வடநாட்டு டாக்டர் என்ன பாடுபடுவார் என்று நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதலும் கிடைக்கும்.

பிரிங் அப் எனக்குப் பிடித்தது. கணவர் போனபின் மூன்று பையன்களைத் தனியாக 'பிராட் அப்' செய்த ஒரு பாட்டி, காலையில் சாப்பிட்ட கஞ்சியை 'பிராட் அப்' செய்துவிட்டார், ரவுண்ட்ஸில் அதை டாக்டரிடம் 'பிரிங் அப்' செய்யச் சொன்னார். வளர்த்தது, வாந்தி எடுத்தது, பேச்சை எடுத்தது. நோட்ஸில் வாமிட்டட் என்று எழுதிவிடலாம். ஆனால் பிரிங் அப் சளிக்கும் வரும் என்பதால், வயிற்றிலிருந்தா நெஞ்சிலிருந்தா என்று கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டியது பாஸ் குடும்பத்தோடு. பாஸ் வாட்டர் என்றால் சிறுநீர் கழிப்பது, பாஸ் ஆன் என்றால் தகவல் சொல்வது, சில சமயம் இறப்பதும், பாஸ் அவே என்றால் இறப்பது மட்டும். உறவினருக்கு இரவில் போன் செய்து சாவுச் செய்தி சொல்லும்போது பாஸ்ட் என்று சுற்றி வளைக்காதீர்கள், டைட், அதாவது இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். அரைத் தூக்கத்தில் போனை எடுப்பவர் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. தவறிட்டார், போய்ச்சேர்ந்துட்டார் என்று சொல்லி வளர்ந்த வாய்க்கு அது கசக்கத்தான் செய்கிறது.

பாஸ் அவுட் மட்டும் நம்மவர்கள் கொண்டுவருகிற தனிச் சரக்கு. இந்தியாவில் படித்து முடித்தவர் எல்லாருமே காலேஜிலிருந்து பாஸ் அவுட். வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் தங்கள் சிவியைப் பார்த்துத் தரச் சொல்லி எனக்கு அனுப்புவார்கள். "ஐ பாஸ்ட் அவுட் இன் 2019" என்ற வரியைத் தேடிப் பிடித்து முதலில் அதைத்தான் அடிப்பேன். இல்லாவிட்டால் இன்டர்வியூ எடுக்கிற மேனேஜர், அந்த மயக்கத்துக்கு என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று கேட்டாலும் கேட்பார்.