அவன் ஊரில் இல்லாத அத்தியாயம்

காதல் கதையில் நாயகனும் நாயகியும் ஒன்றாக இருக்கும் பக்கங்களை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. மழை பிடித்துக்கொள்ளும், மின்சாரம் போகும், லிஃப்ட் பாதியில் நிற்கும், அவள் கால் இடறும், அவன் தாங்கிப் பிடிப்பான். எழுத்தாளர் எப்படியும் ஒப்பேற்றிவிடுவார். அவன் வெளியூர் போயிருக்கும் அத்தியாயம் ஒன்று வருமே, அதைத்தான் உன்னிப்பாகப் படிப்பேன். அவன் இல்லாதபோது அவள் என்ன செய்கிறாள்? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏங்கினால் என் வரையில் கதை அதோடு முடிந்தது. ஏங்குவதற்கு யாரும் வேண்டாம், ஒரு ஜன்னல் போதும்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்ததற்குக் காரணம் ஓசூர். கணவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்ட். அவருக்கு இரவு ஷிஃப்ட் என்றால் நான் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் வந்து படுப்பார். நான் திரும்பும்போது எழுந்து குளித்துக்கொண்டிருப்பார். அந்த வாரங்களில் நாங்கள் பேசிக்கொள்வதைவிட எங்கள் பாத்திரங்கள் பேசிக்கொள்வது அதிகம். சாப்பாட்டு டப்பாவில் கறிவேப்பிலை மட்டும் மிஞ்சியிருந்தால் நல்ல இரவு. பொரியல் அப்படியே திரும்பியிருந்தால் ஏதோ மிஷின் நின்றுபோய், ஆள் உட்காரக்கூட இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு ரசம் வைப்பேன். இதைக் காதல் என்று சொன்னால் அவர் சிரிப்பார். ஆனால் நாவலில் நான் தேடுவது இதைத்தான்.

அம்மா காலத்து வாசிப்பு வேறு. வாடகை நூலகத்திலிருந்து ரமணிசந்திரன் நாவல்கள் வரும், 1969இல் தொடங்கிய ராணி முத்துவின் பழைய இதழ்கள் வரும். அட்டை கிழிந்து, பழுப்புத் தாளில் பைண்டு செய்து, யாரோ ஒருவர் கடைசிப் பக்கத்தில் ‘சூப்பர்’ என்று பேனாவால் எழுதியிருப்பார். அம்மா அடுக்களையில் நின்றபடியே படிப்பார். அந்தக் கதைகளில் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நாயகன் இல்லாத நேரத்தில் நாயகிக்குச் சமாளிக்க ஒரு பெரியம்மாவாவது இருப்பார்.

இப்போது என் தங்கை கைப்பேசியில் படிப்பது வாரத்துக்கு மூன்று அத்தியாயமாக வரும் தொடர்கதைகள். பிடித்ததை எனக்கும் அனுப்புவாள். பத்தில் எட்டில் நாயகன் தொழிலதிபர். என்ன தொழில் என்று எந்த அத்தியாயத்திலும் தெரியாது. கார் சாவியைச் சுழற்றியபடி படி இறங்குவான்; கோப்புகளைப் பார்த்துப் புருவம் நெரிப்பான்; ‘மீட்டிங்கை ரத்து செய்’ என்பான். அந்த மீட்டிங் எதற்காக, அது ரத்தானால் யாருக்கு நஷ்டம், சம்பளம் யார் போடுவது? எதுவும் கிடையாது. ஒப்பந்தத் திருமணம், அதன் பின் வெறுப்பு, நடுவில் ஒரு காய்ச்சல், பின் காதல். காய்ச்சல் இல்லாவிட்டால் பாதிக் கதைகள் முடிவுக்கே வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நாயகி அவன் நெற்றியில் ஈரத்துணி போடும்போதுதான் அவன் கண்ணில் அவள் படுகிறாள். அவன் கையை ஓங்கிய அத்தியாயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், நான் மறப்பதில்லை.

“அக்கா, உனக்கு எதைக் கொடுத்தாலும் குறைதான்” என்பாள் தங்கை. “வேலை முடிந்து வந்து படிக்கிறவளுக்கு எதற்கு சம்பளக் கணக்கெல்லாம்?”

அவள் கேட்பது நியாயமான கேள்வி. இந்த வகைக் கதையில் எல்லோரும் பொழுதுபோக்கத்தான் வருகிறோம். அமெரிக்கக் காதல் கதை எழுத்தாளர்களின் சங்கம் இதற்கு வைத்திருக்கும் இலக்கணமே இரண்டு விதிகள்தான்: மையத்தில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனத்துக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். ஆக, சேர்ந்துவிடுவார்கள் என்பது அட்டையைப் பார்த்தபோதே தெரியும். சேர்வார்களா என்ற கேள்வி இல்லாத இடத்தில், ஏன் இவனுக்கு இவள் என்ற ஒரே கேள்விதான் மிச்சம். அதற்குப் பதில் சொல்லாமல் நானூறு பக்கம் ஓட்டினால் பொழுது எப்படிப் போகும்?

தங்கைக்கு என் பதிலாக நான் அனுப்பியது பெத் ஓலியரி எழுதி 2019இல் வந்த ‘தி ஃபிளாட்ஷேர்’. படித்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஒரே படுக்கையறை கொண்ட வீடு. அதில் குடியிருக்கும் லியோன், மரணத்தை நெருங்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் விடுதியில் இரவுப்பணி செவிலியர். செய்யாத குற்றத்துக்குச் சிறையில் இருக்கும் தம்பி ரிச்சியின் வழக்குக்காகப் பணம் வேண்டும். அதனால், தான் இல்லாத நேரத்துக்கு வீட்டை வாடகைக்கு விடுகிறான். வருபவள் டிஃபி. பின்னல், கைவேலைப் புத்தகங்கள் போடும் சிறிய பதிப்பகத்தில் குறைந்த சம்பளத்துக்கு உழைப்பவள். காதலன் வீட்டிலிருந்து வெளியேற வேண்டிய நிலை. மாதம் 350 பவுண்டு. இரவும் வார இறுதியும் அவளுக்கு, பகல் அவனுக்கு. கட்டில் ஒன்றுதான். இருவரும் சந்தித்ததில்லை, வீட்டைக் காட்டி ஒப்பந்தம் பேசியதே லியோனின் காதலி கே.

பிறகு சீட்டுகள் தொடங்குகின்றன. குளிர்பதனப் பெட்டியில், கதவில், மேசையில் ஒட்டும் சின்னத் தாள்கள். மிச்சம் வைத்த உணவை எடுத்துக்கொள்ளலாம் என்பதில் ஆரம்பித்து, ஒன்றின் கீழ் ஒன்றாக வளர்ந்துகொண்டே போகின்றன. நாவலின் கணிசமான பகுதி வரை இருவரும் நேரில் பார்த்துக்கொள்வதே இல்லை. நான் சந்தேகத்தோடு படிக்கும் ‘அவன் ஊரில் இல்லாத அத்தியாயம்’ இங்கே அத்தியாயமாக இல்லை, புத்தகமாகவே இருக்கிறது. எழுத்தாளருக்குத் தப்பிக்க வழியே கிடையாது: மழை இல்லை, லிஃப்ட் இல்லை, தாங்கிப் பிடிக்கக் கை இல்லை.

ஓலியரியின் துணைவர் அந்தக் காலத்தில் இரவுப்பணி பார்த்த இளம் மருத்துவர் என்று படித்தபோது எனக்கு வியப்பே இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, விட்டுச்சென்ற பொருள்களிலிருந்து இன்னொருவரின் நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கதை தோன்றும். வேலைக்குப் போய்வரும் ரயிலில் உட்கார்ந்து எழுதியதாகவும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இந்த ஜோடி மேல் முழு நம்பிக்கை வந்தது ரிச்சி விஷயத்தில். சிறையிலிருந்து ரிச்சி வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கிறான்; எடுப்பது டிஃபி. முன்பின் தெரியாதவன், அதுவும் ஆயுதக் கொள்ளை வழக்கில் தண்டனை பெற்றவன். அவள் வைத்துவிடவில்லை. என்ன நடந்தது என்று கேட்கிறாள், முழுவதும் கேட்கிறாள், பிறகு கேள்விகளாக அடுக்குகிறாள். அவளுடைய தோழி கெர்ட்டி வழக்கறிஞர். வழக்கு விவரங்களை அவளிடம் கொண்டுபோகிறாள். இத்தனைக்கும் லியோனை அவள் இன்னும் நேரில் பார்த்ததே இல்லை. அதே நேரத்தில், லியோனை நன்றாகத் தெரிந்த கே, அவனுடைய தம்பி நிரபராதி என்று நம்பவில்லை. அந்தப் பேச்சு எடுத்தாலே அவளுக்குச் சலிப்பு.

கே கெட்டவள் இல்லை என்பதுதான் இதில் நேர்த்தி. நம் தொடர்கதைகளாக இருந்தால் அவள் உதட்டுச் சாயம் பூசி, காப்பியில் எதையாவது கலந்திருப்பாள். இங்கே அவள் களைத்துப்போன ஒரு சாதாரணப் பெண், அவ்வளவே. லியோன் வாழ்க்கையில் எது கனமோ அதை ஒருத்தி தள்ளி வைக்கிறாள், இன்னொருத்தி கேட்காமலே ஒரு முனையைப் பிடிக்கிறாள். அதற்குப் பிறகு அவர்கள் முதல்முறை குளியலறையில் எக்கச்சக்கமாகச் சந்திக்கும்போது வாய்விட்டுச் சிரிக்க முடிகிறது. அது வெறும் கூச்சம்தான்; அறிமுகம் என்றோ முடிந்துவிட்டது.

இன்னொன்று, ஆள் இல்லாத பக்கங்கள் நன்றாக இருக்க வேண்டுமென்றால் அந்த இருவருக்கும் தனித்தனிக் குரல் இருந்தாக வேண்டும். டிஃபி சொல்லும் அத்தியாயங்கள் வாய் ஓயாதவை, ஒன்றைச் சொல்ல வந்து நான்கைச் சொல்பவை. லியோனுடையவை தந்தி பாணி: ‘நான்’ என்ற சொல்லையே விழுங்கிவிட்டு வெட்டி வெட்டி ஓடும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பிடிபட்டது: இவ்வளவு கஞ்சனாகப் பேசுகிறவன் சீட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் அது எவ்வளவு பெரிய செலவு! அந்தக் கூடுதல் வரியை நாமே எண்ண ஆரம்பித்துவிடுகிறோம்.

இதே அளவுகோலைச் சாலி தோர்ன் எழுதிய ‘தி ஹேட்டிங் கேம்’ (2016) மேல் வைத்தால் பாதிதான் தேறும். எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து முறைத்துக்கொள்ளும் இரண்டு அலுவலக உதவியாளர்கள். ஜோஷுவா என்ன வரிசையில் எந்த நிறச் சட்டை போடுவான் என்று லூசிக்கு மனப்பாடம். வெறுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கணக்கு வைத்திருப்பவளை நம்பலாம். ஆனால் அவன் நாட்குறிப்பில் அவள் உடுத்தி வந்ததைத் தினமும் குறித்து வைப்பது கதையில் இனிப்பாக இருக்கிறது. நிஜ அலுவலகத்தில் அது புகார்.

எமிலி ஹென்றியின் ‘பீச் ரீட்’ (2020) வேறு வழியில் போகிறது. ஜனுவரி என்பவள் மகிழ்ச்சியான முடிவுகளை எழுதும் நாவலாசிரியை, கஸ் இருண்ட கதைகளை எழுதுபவன். மிச்சிகனில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருவர் பாணியில் மற்றவர் எழுதுவதென்று பந்தயம். வெள்ளிக்கிழமை அவன் தன் நாவலுக்கான விசாரணைக்கு அவளைக் கூட்டிப்போகிறான், சனிக்கிழமை அவள் அவனை ஊர் சுற்ற இழுத்துப்போகிறாள். எதிரெதிர் ஜன்னலில் உட்கார்ந்து எழுதும்போது தாளில் எழுதித் தூக்கிக் காட்டிக்கொள்வார்கள். இங்கும் சீட்டுதான், கவனியுங்கள். அவன் வேலை செய்யும்போது எப்படி இருக்கிறான் என்று அவள் பார்க்கிறாள்: ஒரு மதக்குழுவில் சிக்கி மீண்டவர்களோடு பேசும்போது அவன் குரல் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறாள். கார் சாவியைச் சுழற்றுகிறவனிடம் இப்படிப் பார்க்க என்ன இருக்கிறது?

தமிழில் இப்படி இல்லையா என்று தங்கை சண்டைக்கு வந்தாள். இருக்கிறது. அவளே அனுப்பிய ஒரு சின்னத் தொடர்கதையில் நாயகன் லேத் பட்டறை வைத்திருப்பவன், நாயகி ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். இருவருக்கும் பெரிய சண்டை, பேச்சுவார்த்தை இல்லை. ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்ய 20ஆம் தேதி கடைசி நாள். அவன் மறந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். அலுவலகத்தில் எல்லோரும் கிளம்பிய பின் உட்கார்ந்து, அவனுடைய கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, வராத ஒரு பில்லுக்காக இரும்புக் கடைக்காரரிடம் போனில் கத்தி வாங்கி, தாக்கல் செய்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபமும் குறையவில்லை. பஸ்ஸிலும் அவனை மனத்துக்குள் திட்டிக்கொண்டேதான் போகிறாள்! அந்த அத்தியாயத்துக்கு விருப்பக்குறி மிகக் குறைவு. அதற்கு அடுத்த அத்தியாயத்தில் மழை பெய்தது, விருப்பக்குறி கொட்டியது.

‘தி ஃபிளாட்ஷேர்’ மட்டும் குறையில்லாததா என்ன? டிஃபியின் முன்னாள் காதலன் ஜஸ்டின் அவளை எப்படி மெல்ல மெல்லத் தன்னையே சந்தேகிக்க வைத்தான் என்று விரியும் பகுதி கனமானது, நன்றாகவும் வந்திருக்கிறது. ஆனால் முடிவுக்கு அருகில், அவள் பழையவனிடமே திரும்பிவிட்டாள் என்று லியோன் நினைத்துக்கொண்டு ஒதுங்குகிறானே, அங்கே எனக்குப் பொறுக்கவில்லை. நாள் கணக்கில் சீட்டு எழுதியவனுக்கு அன்றைக்கு மட்டும் பேனா கிடைக்கவில்லையா? ஒரு போன் போட்டால் தீர்கிற விஷயத்தை இழுப்பது இந்த வகைக் கதைகளின் பொது வியாதி. லண்டனிலும் அதற்கு மருந்தில்லை போலிருக்கிறது.

தங்கை இப்போது பாதிப் புத்தகத்தில் இருக்கிறாள். லியோன் பேச்சு பிடிக்கவில்லையாம், “தொழிலதிபராக இருந்திருந்தால் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதற்கு நாங்கள் கை தட்டியிருப்போம்” என்று அவளே சிரிக்கிறாள். கே மீதுதான் அவளுக்குக் கோபம். கோபப்படாதே, கே பக்கமும் கொஞ்சம் யோசி என்று பதில் அனுப்பியிருக்கிறேன். இந்த வாரம் அவள் கணவரும் பயிற்சிக்காகப் புனே போயிருக்கிறார்.